கட்டிக் களைந்த துணி: ஒரு ஃபேஷன் புகைப்படக்காரரின் சொந்தப் படங்கள் பற்றிய கேள்விகளும் விடைகளும்

திருகோணமலையில் ஸ்டூடியோ வைத்து, சேலைக் கடைகளுக்கும் மணப்பெண் அலங்காரம் செய்பவர்களுக்கும் கொழும்பிலுள்ள ஆடை நிறுவனங்களுக்கும் படம் எடுப்பது என் தொழில். அதற்கு வெளியே, யாரும் கேட்காமலும் யாரும் பணம் தராமலும் நான் எடுத்துவரும் படங்கள் தனியொரு தொகுதியாகச் சேர்ந்திருக்கின்றன. அவற்றைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்; சிலவற்றுக்குப் போதாது.

இந்தப் படங்கள் எதைப் பற்றியவை?

துணியைப் பற்றியவை, இன்னும் சரியாகச் சொன்னால், ஒருவர் உடுத்திக் களைந்த பிறகு துணி இருக்கும் நிலையைப் பற்றியவை. கல்யாணத்துக்கு மறுநாள் விறாந்தையில் காற்றாடப் போட்டிருக்கும் கூறைச் சேலை, கரைவலை இழுத்தவர்கள் மீன்வாடியின் வேலியில் விரித்துவிட்டுப் போன சாரங்கள் (லுங்கிகள்), தைத்து முடித்தும் வாங்க ஆள் வராமல் தையற்கடைக் கம்பியில் தொங்கும் சட்டைகள், தவணை முடிந்த அன்று மாலையில் ஒரே கொடியில் காயும் மூன்று அளவு வெள்ளைச் சீருடைகள் ஆகியவை இதுவரை எடுத்தவற்றுள் எனக்கு முக்கியமானவை.

என் தொழிலில் நான் பார்ப்பது துணியின் ஆயுளில் ஒரு மணித்தியாலத்தை மட்டுமே. அது கடையிலிருந்து மடிப்புக் கலையாமல் வரும், அயர்ன் செய்யப்படும், மொடலின் முதுகுப்பக்கம் கிளிப்புகளால் இறுக்கப்படும், படம் எடுத்து முடிந்ததும் மீண்டும் பெட்டிக்குள் போகும். முன்பக்கத்தில் அளவெடுத்துத் தைத்ததுபோல் தெரியும் ரவிக்கை பின்பக்கத்தில் ஆறேழு கிளிப்புகளோடு நிற்பது விளம்பரத்தைப் பார்ப்பவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அதன் பின் அந்தத் துணி யாருடைய உடம்புக்குப் போகிறது, எங்கே வியர்க்கிறது, எந்த இடத்தில் முதலில் நைந்து போகிறது என்பதெல்லாம் எங்கள் வேலையின் எல்லைக்கு அப்பால் இருக்கிறது. அந்த அப்பாலைத்தான் சொந்தப் படங்களில் பார்க்க விரும்பினேன்.

கமராவும் ஒன்று, எடுப்பவரும் ஒருவர் என்றால், தொழிற்படத்துக்கும் சொந்தப் படத்துக்கும் உண்மையில் என்ன வேறுபாடு?

ஒரு படம் முடிந்துவிட்டது என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் வேறுபாடு. சேலைக் கடைக்கு எடுக்கும்போது அந்தத் தீர்மானம் என்னிடம் இல்லை. கரை முழுவதும் தெரிகிறதா, முந்தானையின் வேலைப்பாடு மடிப்புக்குள் மறைந்துவிட்டதா, படத்திலுள்ள அரக்கு நிறமும் கையிலுள்ள துணியின் அரக்கு நிறமும் பொருந்துகின்றனவா என்று கடைக்காரர் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் ஆம் என்று வந்துவிட்டால் வேலை முடிந்தது. அந்த வேலையை நான் குறைவாக மதிப்பதில்லை. ஒளியை அளப்பதையும், துணியின் நெசவு தெரியும்படி விளக்கை எங்கே வைப்பது என்பதையும், பட்டும் ஜோர்ஜெட்டும் பருத்தியும் ஒளியை எவ்வளவு வேறுபட்ட விதங்களில் வாங்குகின்றன என்பதையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

சொந்தப் படத்தில் இப்படிச் சரிபார்ப்பவர் ஒருவரும் இல்லை. கேட்பவர்கள் இதைச் சுதந்திரம் என்கிறார்கள். எனக்கு அது பெரும்பாலும் சிரமமாகவே இருக்கிறது. எதைத் திருப்திப்படுத்த வேண்டும் என்று தெரியாத இடத்தில் எல்லாப் படமும் ஓரளவுக்கு நன்றாகவே தோன்றும். தொழில் கற்றுத்தந்த கைப்பழக்கம் எதையும் அழகாக்கிவிடும். ஆகவே எடுப்பதைவிடக் கழிப்பதில்தான் கூடுதல் நேரம் செலவாகிறது. ஒரு படம் ஒரு விளம்பரத்துக்குப் பொருந்தும் என்று தோன்றினால், அது எவ்வளவு நேர்த்தியாக வந்திருந்தாலும், தொகுதியிலிருந்து விலக்கிவிடுவேன். படத்தின் தோற்றத்தைப் பொறுத்தவரை இந்த ஒரு விதியைத் தவிர வேறு விதிகளை நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஃபேஷன் துறையில் இருப்பவர்கள் இப்படித் தனியாகக் கலைப்படம் எடுப்பது வழக்கமா?

நெடுங்கால வழக்கம். அமெரிக்கரான இர்விங் பென் 1943 முதல் வோக் சஞ்சிகையில் பணியாற்றியவர். 1950 இல் பாரிசில், ஒரு பழைய நாடகத் திரையைப் பின்னால் தொங்கவிட்டு, விலையுயர்ந்த ஆடைகளை அணிந்த மொடல்களை இயற்கை ஒளியில் எடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே திரையின் முன்னே கசாப்புக்கடைக்காரர் முதலிய தொழிலாளரையும் அவர்களுடைய வேலை உடுப்போடும் கருவிகளோடும் நிறுத்தி எடுத்தார். லண்டனிலும் நியூயோர்க்கிலும் அதைத் தொடர்ந்தார். ஒரு சீமாட்டியின் மேலங்கிக்குக் கொடுத்த அதே கவனத்தை இரத்தக்கறை படிந்த ஏப்ரனுக்கும் கொடுத்ததுதான் அந்தப் படங்களின் பலம் என்று நினைக்கிறேன். பிற்காலத்தில் தெருவில் மிதிபட்டுக் கிடந்த சிகரட் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவந்து படம் பிடித்து, மிகுந்த செலவும் உழைப்பும் வேண்டும் பிளாட்டினம் முறையில் பெரிதாக அச்சிட்டார். 1975 இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது.

ரிச்சர்ட் அவெடன் 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சுரங்கத் தொழிலாளர், பாரவண்டி ஓட்டுநர், வேலையற்று அலைந்தோர் எனப் பலரை வெள்ளைக் காகிதத்தின் முன் நிறுத்தி எடுத்த உருவப்படங்கள் எல்லோரும் அறிந்தவை. அந்தப் பணி டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஓர் அருங்காட்சியகத்தின் அழைப்பின்பேரில் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பணம் வந்ததா இல்லையா என்பது இங்கே அளவுகோல் அல்ல. சோல் லெய்ற்றர் இதற்கு நேரெதிர்: ஹார்ப்பர்ஸ் பஸார் சஞ்சிகைக்கு ஃபேஷன் படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டு, நியூயோர்க் தெருக்களை மழை படிந்த கண்ணாடிகளுக்கூடாக வண்ணத்தில் எடுத்து, அவற்றிற் பெரும்பகுதியைப் பல தசாப்தங்கள் அச்சிடாமலேயே வைத்திருந்தார். அவருடைய வண்ணப் படங்களைப் பரவலாக உலகம் அறிந்தது 2006 இற்குப் பிறகுதான்.

நம் நாட்டில், 1900 இல் கொழும்பில் பிறந்து 1944 இல் மறைந்த லயனல் வென்ட்டைச் சொல்லாமல் போக முடியாது. ஃபேஷன் அவருடைய தொழில் அல்ல. சட்டம் படித்தவர், பியானோ வாசித்தவர், 1943 இல் உருவான '43 குழு' ஓவியர்களுக்குத் துணைநின்றவர். ஆனால் நம் வெயிலில் நம் மனிதரின் உடம்பின் மேல் ஒரு முழத் துணி எப்படி விழுகிறது என்று பார்க்க விரும்புபவர் அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கூறைச் சேலைப் படமொன்றில் தோள் பக்கமாகச் சிறு துளைகள் வரிசையாகத் தெரிகின்றன. அவை என்ன?

ஊசித் துளைகள். அந்தப் படத்தைப் பற்றிக் கூடுதலாகவே கேட்கப்படுவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கல்யாணத்தன்று அலங்காரம் செய்பவர் முந்தானையை ஒரே அகல மடிப்புகளாக அடுக்கி, தோளில் ரவிக்கையோடு சேர்த்துச் சேஃப்டி பின் ஊசியைக் குத்துவார். தாலி கட்டும்போதும், மாலை மாற்றும்போதும், அக்கினியை வலம் வரும்போதும் சேலை இழுபடும். ஊசி நின்ற இடத்தில் பட்டு இழை விலகிக்கொள்ளும். ஊசியைக் கழற்றிய பிறகும் அந்த விலகல் மூடுவதில்லை. மறுநாள் சேலையை விரித்தால், தோளுக்கு நேரே இரண்டிரண்டாகத் துளைகள் மடிப்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வரிசையாக நிற்கும். மடிப்பு எவ்வளவு அகலம், எத்தனை மடிப்பு என்பதை அந்த வரிசையைப் பார்த்தே சொல்லிவிடலாம். யார் அலங்காரம் செய்தது என்றுகூட எங்கள் ஊரில் சிலரால் ஊகிக்க முடிகிறது.

அதே படத்தின் கீழ்ப்பகுதியில், கரையோடு ஒட்டி, சந்தனமும் குங்குமமும் கலந்து காய்ந்த ஒரு தடம் இருக்கிறது. அதற்குச் சற்று மேலே, சரிகை ஒருபக்கம் திரும்பி அடிநூல் தெரியும் இடத்தில், அறுகரிசி போட்டபோது சிக்கிய ஓர் அரிசி மணி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் வைத்ததல்ல. சேலையை உதறாமல் அப்படியே விரிக்கும்படி வீட்டாரிடம் கேட்டுக்கொண்டதால் அது விழவில்லை. பட்டுச் சேலையை வெயிலில் காயப்போடமாட்டார்கள், நிழலில் காற்றாட விடுவார்கள். ஆகவே படத்திலுள்ள ஒளி வெயில் அல்ல, கிழக்குப் பார்த்த விறாந்தைக்குள் காலை எட்டு மணிக்கு முன் பக்கவாட்டில் நுழையும் வெளிச்சம். அது துணியின் மேற்பரப்பை உரசிக்கொண்டு போவதால்தான் ஊசித் துளை போன்ற சிறிய மேடுபள்ளங்களும் நிழல் பெறுகின்றன. நேர்முகமாக ஒரு பிளாஷ் அடித்திருந்தால் எல்லாம் மறைந்து, கடையில் தொங்கும் சேலையாக மாறியிருக்கும்.

திருகோணமலையின் ஒளிக்குத் தனிச் சிறப்பு ஏதும் உண்டா?

எந்த ஊருக்கும் அதனதன் ஒளி உண்டு. எங்கள் ஊரின் ஒளி திசையால் அமைந்தது. உப்புவெளியும் நிலாவெளியும் கிழக்குப் பார்த்த கடற்கரைகள். ஆகவே சூரியன் கடலிலிருந்து நேராக ஏறும். முதல் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மென்மையான ஒளி கிடைக்கும், அதன் பிறகு வெளிர் மணல் கீழிருந்து எதிரொளித்துக் கண் கூசும். மாலையில் சூரியன் நிலப்பக்கமாக இறங்கிவிடுவதால் கடற்கரை நிழலுக்குள் வரும். திறந்த கடல்வானம் முழுவதும் ஒரு பெரிய மென்விளக்காக மாறும். கல்யாண ஜோடிகளை நான் மாலையில் கடற்கரைக்கு வரச் சொல்வதற்கு அதுவே காரணம். நீரின் மேல் சாயும் பொன்வெயில் வேண்டுமென்றால் உட்துறைமுகப் பக்கம் போக வேண்டும்.

நாங்கள் ஏறத்தாழ எட்டரைப் பாகை வட அகலாங்கில் இருக்கிறோம். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். ஃபேஷன் வேலையில் இது வீண் நேரம்: கண்குழியில் கறுப்பு, மூக்கின் கீழே கறுப்பு. ஆனால் கொடியில் நேராகத் தொங்கும் துணிக்கு இது அருமையான நேரம் என்பதைச் சொந்தப் படங்களில்தான் கண்டுகொண்டேன். உச்சி வெயில் துணியின் முகத்தை மேலிருந்து கீழாக உரசி இறங்குகிறது. அப்போது செங்குத்தான மடிப்புகள் மங்கி, கிடையான கோடுகள், அதாவது அலுமாரியில் மடித்து வைத்த கோடுகள், எழுந்து நிற்கின்றன. காலையில் பக்கவாட்டு ஒளியில் அதே துணியில் கிடைக்கோடுகள் ஒளிந்து, உடம்பில் கட்டியிருந்த கொசுவத்தின் தடங்கள் வெளிவரும். காலையில் பார்த்தால் உடுத்திய கதை, நண்பகலில் பார்த்தால் வைத்திருந்த கதை. சில துணிகளை இரு வேளையிலும் எடுத்து இணைப்படங்களாக வைத்திருப்பது இதனால்தான்.

மே முதல் செப்டெம்பர் வரை மழை குறைவு. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் நாட்களில் புழுதி பறந்து தூரம் வெளிறிப்போகும், கொடியில் எதுவும் ஓரிடத்தில் நிற்காது. ஐப்பசி பிறந்து மாரி தொடங்கினால் நிலைமை மாறிவிடும். துணி வெளியே காயாது. ஜன்னல் கம்பியிலும், கதவின் மேலும், குசினி அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றிலும் ஈரத்துணி தொங்கும். வீடு முழுவதும் அந்த வாடை இருக்கும். தொகுதியின் பாதிப் படங்கள் மாரியில் வீடுகளுக்குள்ளே முக்காலியில் கமராவை நிறுத்தி எடுத்தவை. தை, மாசியில் மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும்போது நிறங்கள் மிகத் தெளிவாகக் கிடைக்கும். தொழில் வேலைகளும் அப்போதுதான் குவியும் என்பதால் எனக்கென்று எடுக்க நேரம் கிடைப்பதில்லை.

கோணேசர் கோயில், கோட்டை, மான்கள், கன்னியா வெந்நீரூற்று ஆகியவை ஏன் உங்கள் படங்களில் இல்லை?

பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் நகரத்திலும் திரியும் புள்ளிமான்கள் கூப்பிடாமலேயே சட்டகத்துக்குள் வந்து நிற்பவை. அவற்றை எடுக்க ஆளுக்குக் குறைவில்லை. கன்னியாவில் மக்கள் குளிக்க வருகிறார்கள், இறந்தவர்களுக்கான கிரியைகளும் செய்கிறார்கள்; ஈரத்துணியோடு நிற்பவர்களின் பக்கம் கமராவைத் திருப்புவது முறையல்ல.

கோணேசர் கோயிலிலிருந்து மட்டும் ஒரு படம் இருக்கிறது. இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்கு அருகே பிள்ளை வரம் வேண்டி மரத்திற் கட்டும் சிறு தொட்டில்களுள் ஒன்றின் துணி அது. கட்டியவர் யார் என்பது தெரியாதபடி, வெயிலில் நிறம் போன ஒரு பகுதியை மட்டும் எடுத்தேன். அதற்கு மேல் அந்த மரத்தைத் தொடராகச் செய்யும்படி நண்பர்கள் சொன்னார்கள்; ஒருவருடைய வேண்டுதல் நிறைவேறியதா என்று தெரியாமல் அதைச் சுவரில் மாட்டி விற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முகங்கள் இல்லாத படங்களுக்கும் அனுமதி கேட்பீர்களா?

கேட்பேன். சிறிய ஊரில் முகத்தை மறைத்தால் போதும் என்று நினைப்பது பிழை. எங்கள் ஊர்ப் பெண்கள் சேலையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்: இன்னாருடைய மகளின் கல்யாணத்துக்கு எடுத்தது, இன்ன கடையில் எடுத்தது, அந்தக் கரையில் வேறொன்று வரவில்லை என்பது வரைக்கும். ஆகவே துணியின் சொந்தக்காரரிடம் எடுப்பதற்கு முன் ஒருமுறையும், அச்சிட்டுக் காட்டியபின் ஒருமுறையும் கேட்கிறேன். இரண்டாம் முறை வேண்டாம் என்றவர்கள் இருக்கிறார்கள்; அந்தப் படங்களை அழித்துவிட்டேன். வீட்டுப் பெண்களின் உடுப்பு காயும் கொடியைத் தெருவிலிருந்து எடுப்பதில்லை, யார் வீடாக இருந்தாலும்.

கரைவலை வாடிகளில் இந்தப் பிரச்சினை வேறு விதமாக வரும். வலையின் முதலாளியான சம்மாட்டியார் சம்மதித்துவிட்டால் எல்லோரும் சம்மதித்ததாகக் கருதப்படும். ஆனால் வேலியில் கிடக்கும் சாரம் சம்மாட்டியாருடையது அல்ல, கயிறு இழுத்தவருடையது. இடுப்பில் கயிறு அழுத்திய இடத்தில் நூல் தேய்ந்து வலைபோல் ஆகியிருக்கும், உப்புக் காய்ந்து துணி அட்டைபோல் விறைத்திருக்கும். அந்தத் தேய்மானத்தைப் படத்திற் கண்டதும் ஒருவர், "இதையா எடுத்தீங்கள் தம்பி, நல்லதொன்று வீட்டில இருக்குதே" என்றார். நல்லதையும் எடுத்து அவருக்கு அச்சிட்டுக் கொடுத்தேன். தொகுதியில் தேய்ந்த சாரத்தைச் சேர்ப்பதற்கு அவர் பிறகு சம்மதித்தார், தம் பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு.

போரையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட ஊர் இது. காணாமற்போனவர்களின் உடுப்புகளை எடுக்கும் எண்ணம் இல்லையா?

இந்தக் கேள்வி பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவர்களிடமிருந்து வருகிறது. துணி பற்றிய தொகுதி என்றதும் அடுத்த படியாக இதை எதிர்பார்க்கிறார்கள். அலுமாரியின் அடித்தட்டில் ஒரு சட்டையை மடித்து வைத்திருக்கும் வீடுகள் இங்கே உண்டு என்பது எனக்கும் தெரியும். அதை எடுத்து வெளிச்சத்தில் விரியுங்கள் என்று ஒரு தாயிடம் கேட்பதற்கு ஒரு புகைப்படக்காரனுக்கு என்ன உரிமை இருக்கிறது? பார்வையாளரின் கண் கலங்குவது உறுதி என்று முன்கூட்டியே தெரிந்த படத்தை நான் நம்புவதில்லை. ஒளியும் கட்டமைப்பும் எப்படி இருந்தாலும் அந்தப் படம் எடுபட்டுவிடும், படம் எடுத்தவனுக்குப் பெயரும் வந்துவிடும்.

அவர்களாகவே வந்து கேட்டால் எடுக்கிறேன். அப்படி எடுத்த படங்களின் அச்சும் கோப்பும் அவர்களிடமே இருக்கின்றன. தொகுதியில் அவை இல்லை.

வண்ணத்தில் எடுப்பதா, கறுப்பு வெள்ளையிலா? கணினியில் எவ்வளவு திருத்துவீர்கள்?

ஏறக்குறைய எல்லாமே வண்ணம். கலைப்படம் என்றால் கறுப்பு வெள்ளை என்று ஓர் எண்ணம் எங்கும் பரவியிருக்கிறது. கூறையின் சிவப்பு நான்கு துவைப்பில் எப்படி இறங்குகிறது, வெள்ளைச் சீருடையில் நீலம் போட்டது எங்கே திட்டுத்திட்டாக நிற்கிறது என்பவைதான் என் பொருள் என்றால், நிறத்தை எடுத்துவிட்டு என்ன செய்வது? சாரங்கள் மட்டும் விதிவிலக்கு. அவற்றில் உப்பும் தேய்மானமும் முக்கியம், கட்டங்களின் நிறம் கண்ணை வேறு பக்கம் இழுக்கிறது.

திருத்தத்தைப் பொறுத்தவரை, தொழிற்படத்தில் கறையை அகற்றுவேன், சுருக்கத்தை நீவுவேன், நூல்பிசிறை அழிப்பேன். சொந்தப் படத்தில் அந்தக் கறையும் சுருக்கமும் பிசிறும்தான் மிச்சம். வெளிச்சத்தின் அளவையும் நிறச் சமநிலையையும் சரிசெய்வதோடு நின்றுவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவால் எதையும் சேர்ப்பதில்லை.

கடற்காற்றில் கமராவை எப்படிப் பாதுகாக்கிறீர்கள்?

கடற்கரையிலிருந்து வந்ததும், நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் கமராவின் வெளிப்புறத்தைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்; காய்ந்த உப்பை வெறுந்துணியால் தேய்த்தால் கீறல் விழும். காற்றடிக்கும் கரையில் லென்ஸ் மாற்றக்கூடாது. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்தால் கண்ணாடியில் நீர் படியும், ஆகவே அரை மணித்தியாலமாவது பைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். மாரியில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பதே பெரிய ஆபத்து. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கும் உலர்பெட்டி நல்லது; வாங்க வசதி இல்லாதவர்கள் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, அவற்றை அவ்வப்போது மாற்றிக்கொண்டால் போதும்.

அச்சுப் பிரதிகள் கிடைக்குமா?

கிடைக்கும். பருத்திக் கூழிலான, பளபளப்பற்ற தாளில், நிறமி மையால் அச்சிடுகிறேன். பளபளப்பான தாள் கல்யாண அல்பத்துக்குப் பொருந்தும். துணியின் படத்தில் அது ஒரு கண்ணாடித் தடுப்பை ஏற்படுத்திவிடுகிறது. பெரும்பாலானவை ஏ3 அளவு, சில ஏ2. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஏ3 இற்குப் பதினேழரை மெகாபிக்சலும், ஏ2 இற்கு அதன் இருமடங்கும் தேவைப்படும். ஒவ்வொரு படத்திலும் வரையறுத்த எண்ணிக்கையில் மட்டுமே பிரதி எடுத்து, பின்புறத்தில் இலக்கமிட்டுக் கையொப்பம் வைக்கிறேன். விலை தாள், அச்சு, சட்டம் ஆகியவற்றின் செலவைப் பொறுத்து மாறுவதால் நேரில் கேட்பதே நல்லது.

வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படம் கண்ணாடியில் நேரடியாக ஒட்டக்கூடாது, நடுவில் அமிலமற்ற அட்டை இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து வெளிச்சுவர்கள் மாரியில் ஈரம் இழுக்கும். சட்டத்தின் பின்பக்க மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டிச் சுவரிலிருந்து சற்று விலக்கி மாட்டினால் படம் நெடுநாள் இருக்கும்.

அச்சு வாங்கினால் படத்தை நாங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா?

முடியாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் புகைப்படத்துக்குப் பதிவு எதுவும் செய்யாமலேயே பதிப்புரிமை உண்டு. ஆக்கியவரின் வாழ்நாளும் அதன் பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். அச்சை வாங்குபவர் அந்தத் தாளை வாங்குகிறார். சேலைக் கடைகள் சில கூறைப் படங்களைக் கேட்டிருக்கின்றன. சட்டத்தைவிட, துணியின் சொந்தக்காரர் விளம்பரத்துக்குச் சம்மதம் தரவில்லை என்பதே எனக்குப் பெரிய தடை.

இந்தப் படங்களால் தொழிலுக்குப் பாதிப்பு உண்டா? இதற்குக் காசு வருகிறதா?

காசு வருவது அரிது. சாமத்தியச் சடங்கு எடுக்க வரும் வீட்டார் ஸ்டூடியோச் சுவரில் கசங்கிய சேலையைக் கண்டு, மடித்து எடுத்திருக்கலாமே என்று சொல்வதுண்டு. வாடிக்கையாளரை இழந்ததாகச் சொல்ல முடியாது. மணப்பெண் வேலையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது: கல்யாண அல்பத்தின் கடைசிப் பக்கத்துக்கு, எல்லாம் முடிந்து நாற்காலியில் களைந்து போட்ட மாலையையும் சேலையையும் எடுத்துத் தரும்படி சிலர் இப்போது கேட்கிறார்கள். எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் கேட்டு எடுத்த அந்தப் படம் என் தொகுதிக்குள் வராது.

இப்படியொரு தொகுதியைத் தொடங்க விரும்பும் இளையவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

முதலில் பொருளைச் சுருக்குங்கள். "திருகோணமலையின் வாழ்க்கை" என்று தொடங்குபவர் சூரியோதயத்தில் முடிப்பார். மூக்கறுந்த செருப்பு, கடைவாசற் சாக்கு, மகப்பேற்று விடுதியின் கதவடியில் காத்திருப்பவர்கள் கொண்டுவந்த பைகள் என்று ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு லென்ஸ் போதும். நான் 50 மில்லிமீற்றரையும், நெசவு வரை நெருங்க வேண்டியபோது மக்ரோ லென்ஸையும் தவிர வேறெதையும் இதற்குப் பயன்படுத்துவதில்லை. சிறிதாகவாவது அச்சிட்டு, வீட்டுச் சுவரில் சில கிழமைகள் ஒட்டி வையுங்கள். போன் திரையில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். கடற்படைத் தளமும் சீனன்குடா விமானப்படைத் தளமும் உள்ள ஊர் என்பதால், எங்கே நின்று எடுக்கிறோம் என்ற கவனமும் வேண்டும்.

என் கூறையையும் எடுப்பீர்களா?

எடுப்பேன், கட்டணம் இல்லை. ஓர் அச்சு உங்களுக்கு வரும். கல்யாணம் முடிந்து ஒரு கிழமைக்குள் சொல்லுங்கள். சேலையைத் துவைக்கவோ, டிரை கிளீனிங்குக்குக் கொடுக்கவோ, அயர்ன் செய்யவோ வேண்டாம். ஊசிகள் ஏதும் மிஞ்சியிருந்தால் அப்படியே விடுங்கள். கிழக்குப் பார்த்த விறாந்தை இருந்தால் நானே வீட்டுக்கு வருவேன். இல்லாவிட்டால் ஒரு பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றிக் காலை ஏழு மணிக்கு ஸ்டூடியோவுக்குக் கொண்டுவாருங்கள். சேலை உங்கள் அம்மாவுடையதோ மாமியாருடையதோ என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஏனென்றால் நான் அனுமதி கேட்க வேண்டியது அவரிடம்.